பெரிய வேனுக்குப் பனிச் சங்கிலி: வாங்குவதும் மாட்டுவதும்

பனி மூடிய சாலையில் வழுக்காதிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி அது. அதன் பெட்டியின் மேல் 16 என்று இருந்தது. எங்கள் வேனின் டயரிலும் 16 என்று இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அன்று இரவு எட்டு மணிக்கு, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையின் ஓரத்தில் முழங்கால் நனையக் குந்தியிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சங்கிலியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. எவ்வளவு இழுத்தாலும் சேரவில்லை. உள்ளே பதினோரு பேர், அதில் நான்கு குழந்தைகள். டாஹோ ஏரிக்கரையில் பிரித்துச் சாப்பிடலாம் என்று கட்டி எடுத்துவந்த புளியோதரையை, வண்டியைத் திருப்பிக் கால்ஃபாக்ஸ் ஊரில் நிறுத்திச் சாப்பிட்டோம்.

டிசம்பர் விடுமுறை வந்தால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரே வேனில் கிளம்பி சியெர்ரா நெவாடா மலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்மேல் நிற்கும் ஈரம். இங்கே அதே சொல்லைத்தான் சாலையை மூடும் வெள்ளைக் குவியலுக்கும் வைத்துக்கொள்கிறோம். 80-ஆம் நெடுஞ்சாலை வழியில் உள்ள டானர் கணவாய் உச்சிக்கு அருகே இருக்கும் பனி ஆய்வுக்கூடத்தில் 2021 டிசம்பர் ஒரே மாதத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பதிவானது. அதாவது 5 மீட்டருக்கும் அதிகம். அந்த மலைக்குப் பெரிய வேனை முதல்முறையாக ஓட்டிச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறிய காருக்குப் பொருந்தும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கிறது. வேன் என்று வந்தால் எடை, டயர் அளவு, சக்கர வளைவுக்குள் இருக்கும் இடம் என்று மூன்றுமே மாறிவிடுகின்றன.

சட்டம் என்ன கேட்கிறது

கலிஃபோர்னியாவின் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ், பனிப்பொழிவின்போது சாலையில் மூன்று நிலைகளை அறிவிக்கிறது. ஆர்-1 என்றால் சங்கிலி வேண்டும். ஆனால் உந்து சக்கரங்களில், அதாவது இயந்திரம் சுழற்றும் சக்கரங்களில், பனி டயர் பூட்டிய இலகுவான வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆர்-2 என்றால் நான்கு சக்கர உந்துதலும் நான்கிலும் பனி டயரும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை. நடைமுறையில் ஆர்-3 அறிவிப்பதற்கு முன்பே பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். 2024 மார்ச் தொடக்கத்துப் பனிப்புயலில் 80-ஆம் எண் நெடுஞ்சாலை அப்படித்தான் மூடிக்கிடந்தது.

விலக்கு பெற்ற வண்டியானாலும் சங்கிலி உள்ளே இருக்க வேண்டும். "என்னுடையது நான்கு சக்கர உந்துதல் வண்டி" என்று சொல்லி வெறுங்கையோடு போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்படலாம்.

பெரிய வேன்காரர்கள் கவனிக்காத இடம் எடை. சட்டத்தில் வரும் விலக்கு சுமையில்லாத எடையைப் பொறுத்தது. பனி டயர் விலக்குக்கு 6,000 பவுண்டு வரை, நான்கு சக்கர உந்துதல் விலக்குக்கு 6,500 பவுண்டு வரை. படுக்கை, அலமாரி, மின்கலம் எல்லாம் பொருத்தி வீடுபோல் ஆக்கிய ஸ்பிரின்டர் வேன்கள் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது முழுச் சுமையோடு வண்டி தாங்கக்கூடிய உச்ச எடை. சுமையில்லாத எடை அதில் இருக்காது. சந்தேகம் இருந்தால் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டிய வேனுக்கு எவ்வளவு நல்ல டயர் போட்டிருந்தாலும் சங்கிலி இல்லாமல் கதியில்லை.

பனி டயர் என்று எதை ஏற்றுக்கொள்வார்கள்? டயரின் பக்கவாட்டில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து இருக்க வேண்டும், பள்ளங்களின் ஆழம் குறைந்தது ஓர் அங்குலத்தில் 32-இல் 6 பங்கு இருக்க வேண்டும். எழுத்து இருந்தும் தேய்ந்துபோன டயர் கணக்கில் வராது.

வாடகை வேன் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வாடகை ஒப்பந்தங்களில் சங்கிலி மாட்டக்கூடாது என்றே எழுதியிருக்கும். மாட்டி ஏதாவது சேதமானால் செலவு உங்கள் தலையில். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கூடாது என்றால் அந்த வேனோடு பனிக்காலத்தில் மலை ஏறும் திட்டத்தைக் கைவிடுவதுதான் நல்லது.

எந்தச் சக்கரத்துக்கு

இயந்திரம் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றுக்குத்தான் சங்கிலி. ராம் புரோமாஸ்டருக்கு முன்சக்கரங்கள். சாதாரண ஃபோர்டு டிரான்சிட்டுக்கும் சாதாரண ஸ்பிரின்டருக்கும் பின்சக்கரங்கள். டிரான்சிட்டிலும் ஸ்பிரின்டரிலும் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும் வகைகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு எந்த அச்சில் மாட்டுவது என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேனில் பின்னால் மாட்டினார் என்பதற்காக நீங்களும் பின்னால் மாட்டாதீர்கள்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வேன்கள் தனி ரகம். வெளிச் சக்கரத்துக்கு மட்டும் ஒற்றைச் சங்கிலி போடுவது ஒரு வழி. இரண்டு டயர்களையும் சேர்த்து மூடும் அகலமான சங்கிலி இன்னொரு வழி. அது கனமானது, தனியாளாகத் தூக்கி மாட்டுவது சிரமம். எதுவானாலும் இரண்டு டயர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

டயரில் இருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 235/65 ஆர் 16 சி என்பது போல ஒரு வரி இருக்கும். ஒற்றைப் பின்சக்கர டிரான்சிட்டில் பெரும்பாலும் இதே அளவுதான். 235 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. 16 என்பது நடுவில் உள்ள இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

நாங்கள் ஏமாந்தது இந்தக் கடைசி எண்ணில். இரும்புச் சக்கரம் 16 அங்குலமாகவே இருந்தாலும் அதன்மேல் உட்காரும் டயரின் சுற்றளவு வண்டிக்கு வண்டி மாறும். இரட்டைப் பின்சக்கர டிரான்சிட்டில் 195/75 ஆர் 16, புரோமாஸ்டரில் 225/75 ஆர் 16, ஸ்பிரின்டரில் 245/75 ஆர் 16. எல்லாமே பதினாறுதான், ஆனால் ஒன்றின் சங்கிலி இன்னொன்றுக்குச் சேராது. எனவே மூன்று எண்களும் பெட்டியில் உள்ள அட்டவணையில் அப்படியே இருக்க வேண்டும். "ஏறக்குறைய பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். பழைய வேனை வாங்கியவர்கள் கையேட்டை நம்பாமல் டயரையே பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வேறு அளவு மாற்றிப் பூட்டியிருக்கலாம்.

சக்கர வளைவுக்குள்ளே இருக்கும் இடம்

அளவு சரியாக இருந்தாலும் சங்கிலி சுழல இடம் வேண்டுமே. டயரின் உட்புறத்தில் கையை விட்டுப் பாருங்கள். ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய், சக்கர வேகத்தை அளக்கும் உணரியின் வயர் எல்லாம் டயருக்கு மிக அருகில் போகும். முன்சக்கரமானால் ஸ்டீயரிங்கை இரு புறமும் முழுவதும் திருப்பிவைத்தும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. இதற்கு மூன்று வகுப்புகள் வைத்திருக்கிறது. எஸ் வகுப்பு மிகக் குறைந்த இடமுள்ள வண்டிகளுக்கு: டயரின் மேற்பரப்புக்கு மேல் 37 மில்லிமீட்டர், உள் பக்கவாட்டில் 15 மில்லிமீட்டர் இடம் போதும். யூ வகுப்புக்கு 50-உம் 23-உம் வேண்டும். டபிள்யூ வகுப்புக்கு 64-உம் 38-உம். வண்டியின் கையேட்டில் இந்த வகுப்பில் எது என்று போட்டிருந்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டாம். எஸ் வகுப்பு மட்டும் என்று சொல்லும் வேனுக்குத் தடித்த சங்கிலியை மாட்டினால் அது முதலில் பிரேக் குழாயைத்தான் தேடிப் போகும்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏணிப்படி போலக் குறுக்குக் கண்ணிகள் கொண்ட சங்கிலி மலிவு, உறுதி, ஆனால் ஓட்டும்போது அதிர்வு அதிகம். வைர வடிவப் பின்னல் சங்கிலி பக்கவாட்டில் வழுக்குவதையும் தடுக்கும், சீராக ஓடும், விலை கூடுதல். உலோகக் கம்பிவடத்தில் உருளைகள் கோத்த வகை மெல்லியது; இடம் குறைந்த வண்டிகளுக்கு அதுவே கைகொடுக்கும். துணியால் ஆன டயர் உறையும் விற்கிறார்கள். பனியில்லாத தாரில் சில மைல் ஓடினாலே நைந்துபோகும். எட்டாயிரம் பவுண்டு வேனுக்கு அதை நம்பி நான் மலையேற மாட்டேன். என் தேர்வு, கையேடு அனுமதித்தால், வைரப் பின்னல். அதிகமாகக் கொடுக்கும் பணம் முதல் வளைவிலேயே தெரிகிறது.

வாங்குவதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். மலையடிவாரத்துக் கடைகளில் புயல் நாளன்று விலையும் கூடும், பெரிய அளவுகள் தீர்ந்தும் போயிருக்கும். கூடவே வாங்க வேண்டியவை: தண்ணீர் புகாத தடித்த கையுறை, நெற்றியில் கட்டும் விளக்கு, படுத்துக்கொள்ள ஒரு தார்ப்பாய், சங்கிலியை இறுக்கும் ரப்பர் பட்டைகள், கொஞ்சம் பிளாஸ்டிக் கட்டுநாடா.

வீட்டு வாசலில் ஒத்திகை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். எனக்கு முதல் ஒத்திகையில் ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மூன்றாவது முறையில் எட்டு நிமிடம். அளவு தவறு என்றால் அங்கேயே தெரிந்துவிடும், பிரிக்காததுபோல் மடித்துக் கடையில் திருப்பித் தரவும் வழியிருக்கும். மாட்டியபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்; காய்ந்த தாரில் சங்கிலியும் தேயும், சாலையும் தேயும்.

ஏணிப்படிச் சங்கிலியை மாட்டும் முறை இது. முதலில் தார்ப்பாயில் நீளமாகப் பரப்பி முறுக்குகளை எடுங்கள். ஒரே ஒரு கண்ணி புரண்டிருந்தாலும் பிறகு இறுகாது. அடுத்து, குறுக்குச் சங்கிலிகளைப் பக்கச் சங்கிலியோடு இணைக்கும் சிறு கொக்கிகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு புறம் வழவழப்பாக வளைந்திருக்கும், மறு புறம் வாய் திறந்திருக்கும். வழவழப்பான புறம்தான் டயரைத் தொட வேண்டும், திறந்த வாய் வெளியே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் அந்தக் கூர்முனைகள் டயரின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டே வரும். இருட்டில் கண்ணால் பார்த்து இது பிடிபடாது, விரலுக்குத்தான் தெரியும். அதனால்தான் முதலில் வெறுங்கையால் தடவச் சொல்கிறேன்.

சங்கிலியைத் தூக்கி டயரின் மேல் போர்வைபோலப் போடுங்கள். இறுக்கும் திருகிகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். டயரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சம அளவு தொங்குகிறதா என்று பாருங்கள். கீழே மிஞ்சும் குறுக்குச் சங்கிலிகளை, வண்டி நகரப்போகும் பக்கத்தில், டயர் தரையைத் தொடும் இடத்தில் நேராகச் செருகிவையுங்கள். உள்ளே இருப்பவரிடம் சொல்லி வண்டியை அரை மீட்டர் மட்டும் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். நகரும்போது உங்கள் கை டயர் அருகே இருக்கவே கூடாது. வண்டி நின்று, கைப்பிரேக் போட்டு, ஓட்டுபவர் "ஆயிற்று" என்று குரல் கொடுத்த பிறகே மறுபடி குனியுங்கள்.

இப்போது இரு முனைகளும் எட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத இடம். படுத்துக்கொண்டு கையை வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமாக முடியுமோ அவ்வளவு இழுத்து மாட்டி, எத்தனை கண்ணி மிஞ்சுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு வெளிப்பக்கத்தையும் மாட்டுங்கள். உள்ளே இரண்டு கண்ணி மிஞ்சினால் வெளியேயும் ஏறக்குறைய இரண்டுதான் மிஞ்ச வேண்டும். வெளியே ஐந்து மிஞ்சினால் சங்கிலி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள், கழற்றி மறுபடி தொடங்குங்கள். சரியாக இருந்தால் திருகிகளைச் சாவியால் திருப்பி இறுக்கி, ரப்பர் பட்டையின் கொக்கிகளைச் சுற்றிலும் சம இடைவெளியில் போடுங்கள். தொங்கும் உபரிக் கண்ணிகளைக் கட்டுநாடாவால் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் அவை சுழன்று வண்டியின் உடம்பில் அடிக்கும்.

வைரப் பின்னல் சங்கிலியில் உள்பக்கத்துக்கு ஒரு வளையும் வளையம் இருக்கும். அதை டயருக்குப் பின்னால் தள்ளி மேலே பூட்டி, பின்னலை முன்னால் இழுத்து வெளிப்பக்கம் மாட்டி, பெரும்பாலும் ஒரே இழுப்பில் இறுக்கிவிடலாம். வண்டியை நகர்த்தவே வேண்டியிருக்காது.

டயரின் காற்றைக் குறைத்து மாட்டினால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பிறகு காற்று நிரப்ப மலையில் எங்கே போவது?

சாலையோரத்தில்

கிளம்பும் முன் கால்ட்ரான்ஸின் குவிக்மேப் வரைபடத்தைப் பாருங்கள், அல்லது 1-800-427-7623 என்ற எண்ணில் நெடுஞ்சாலை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சங்கிலிக் கட்டுப்பாடு தொடங்கும் இடம் மணிக்கு மணி மாறும். 80-ஆம் நெடுஞ்சாலையில் காலையில் கிங்வேலில் இருந்தது மதியம் நியாக் வரை இறங்கிவந்துவிடலாம். 50-ஆம் நெடுஞ்சாலையில் எக்கோ கணவாய், டானரைவிடச் சற்று உயரம், 7,382 அடி. சாலையும் குறுகல்.

"சங்கிலி தேவை" என்ற பலகை தெரிந்ததிலிருந்து சோதனைச் சாவடி வரை வழக்கமாக ஒரு மைல் தூரம் கிடைக்கும். அதற்குள் சாலையை விட்டு முழுமையாக ஒதுங்கும் சமதள இடத்தில் நிறுத்துங்கள். வண்டிகள் ஓடும் தடத்தில் பாதி நின்றுகொண்டு மாட்டுவது உயிரோடு விளையாடுவது. எச்சரிக்கை விளக்கு எரியட்டும். குழந்தைகள் உள்ளேயே இருக்கட்டும். ஒருவர் மாட்டும்போது இன்னொருவர் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வழுக்கத் தொடங்கிய பிறகு மாட்டலாம் என்று காத்திருந்தால் நிறுத்த நல்ல இடம் கிடைக்காது.

கூலிக்கு மாட்டித் தருபவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் கால்ட்ரான்ஸ் ஊழியர்கள் அல்லர், அனுமதி பெற்ற தனியாட்கள். எண் எழுதிய பட்டையை அணிந்திருப்பார்கள். கூலியை முதலிலேயே பேசி, ரசீது வாங்கி, அந்த எண்ணை அதில் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலியை விற்கவோ வாடகைக்குத் தரவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. கையில் கொண்டுபோனதைத்தான் மாட்டித் தருவார்கள்.

மாட்டியதும் நூறு இருநூறு மீட்டர் போய், ஒதுங்க இடம் பார்த்து மறுபடி நிறுத்துங்கள். சங்கிலி டயரில் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்களின் அறுந்த சங்கிலிகளைத்தான் சாலையோரப் பனியில் பார்க்கிறோம்.

கட்டுப்பாட்டுப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 25 அல்லது 30 மைல். சங்கிலித் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் வரம்பு. சீரான சளசளப்புச் சத்தம் கேட்டால் கவலையில்லை. டங் டங் என்று ஒரே இடைவெளியில் அடித்தால் எங்கோ கண்ணி அறுந்து உடம்பில் மோதுகிறது. ஒதுங்கி நிறுத்திப் பாருங்கள், "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டிவிடாதீர்கள். பின்சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருந்தால் முன்சக்கரம் பனியில் வெறுமனேதான் நிற்கிறது, ஸ்டீயரிங் திரும்பியும் வண்டி நேராகப் போகலாம். முன்சக்கரத்தில் மட்டும் இருந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் விலகிச் சுழலப் பார்க்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முன்வண்டியிலிருந்து நீண்ட இடைவெளி, வளைவுக்கு முன்பே குறைத்த வேகம், பிரேக்கில் மெதுவான கால்.

கட்டுப்பாடு முடிந்தது என்ற பலகையைத் தாண்டி, ஒதுங்க இடம் வந்ததும் கழற்றிவிடுங்கள். வீடு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, லேசாக எண்ணெய் தெளித்துப் பையில் போடுங்கள். சாலையில் தூவும் உப்பு ஒரே கோடையில் கண்ணிகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும். பையின் மேல் டயரின் மூன்று எண்களையும் பெரிதாக எழுதிவையுங்கள்.

எங்கள் வேனில் அந்தப் பை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. முதல் வருடம் பின்கதவோரம், அடியில் வைத்திருந்தோம். அதை எடுக்க ஆறு பெட்டிகளையும் ஒரு குக்கரையும் பனியில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது.